ஸ்நோ குப்பியின் மூடி

என் மேசை இழுப்பறையில் ஒரு தகர மூடி கிடக்கிறது. முகத்துக்குப் பூசும் ஸ்நோ வந்த சின்ன வெள்ளைக் கண்ணாடிக் குப்பியின் மூடி. ஓரமெல்லாம் துருப்பிடித்து, மேலே இருந்த பூப்படம் அழிந்து, ஒரு காம்பும் இரண்டு இலையும்தான் மிச்சம். குப்பி என்னிடம் இல்லை. அது ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. பேரப்பிள்ளைகள் இது என்ன என்று கேட்டால் ஏதோ மருந்து டப்பாவின் மூடி என்று சொல்லிவிடுவேன். போன மாதம் வரைக்கும் அந்தப் பொய் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

குப்பி என் மதினியுடையது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி, கோச்சடையில் ஒரு ஓட்டு வீட்டில் அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அண்ணனுக்கு அரிசி மண்டியில் வேலை. நெல் பார்க்கச் சோழவந்தான், உசிலம்பட்டி என்று வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் பேச்சுத்துணை என்றால் எனக்கு மதினியும் மதினிக்கு நானும்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஸ்நோ தீர்ந்த பிறகும் அந்தக் குப்பியை வீச மனமில்லாமல் அதில் கொண்டை ஊசி போட்டு வைத்திருந்தாள். என்னைக் கேலி செய்வதில் அவளுக்கு அலுப்பே வராது. "கொழுந்தனாரு குடத்துத் தண்ணியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அதில் மிகையேதும் இல்லை. நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கடைக்காரன் சிரித்தால் எடையில் கைவைக்கிறான் என்று நினைப்பேன், சிரிக்காவிட்டால் கண்டிப்பாகக் கைவைக்கிறான் என்று நினைப்பேன்.

நான் அப்போது பஞ்சாலையில் வேலை பார்த்தேன். மூட்டை பிரித்துப் பஞ்சை உதறும் பகுதியில் எப்போதும் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். ஒரு மார்கழியில் பிடித்த இருமல் மாசி வரைக்கும் விடவில்லை. முதலில் கோச்சடை வைத்தியரிடம் போனேன். ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார். எனக்கு முன்னால் வயிற்றுவலியோடு வந்தவனுக்கும் அதே குடுவையிலிருந்து ஊற்றியதைப் பார்த்துவிட்டேன், அதோடு அவர் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. பிறகு டவுனில் பள்ளிவாசல் தெருவில் இருந்த ஹக்கீமிடம் போனேன். என் கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். தூங்கிவிட்டாரோ என்று அங்கேயும் எனக்குச் சந்தேகம். கடைசியில் ஆலை மேஸ்திரியே ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு முன்னால் இரண்டு பேரை அப்படி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் ஆலைக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மதில் ஓரமாகக் காசநோய்க்காரர்களுக்கென்று ஒரு நீளக் கொட்டகை இருந்தது. அதற்குள் போனவன் காலால் நடந்து வெளியே வருவதில்லை என்று ஊரில் பேச்சு. வேண்டாத ஆளைக் கழற்றிவிட ஆலையும் ஆஸ்பத்திரியும் பேசிவைத்துக்கொண்டு செய்கிற வேலை இது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இருந்தாலும் சீட்டுக்காகப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்த டாக்டர் இரண்டு நிமிஷம் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, "காலைல எந்திரிச்சதும் வர்ற சளிய ஒரு குப்பில கொண்டாங்க" என்றார். அந்த அவசரமே எனக்குப் பிடிக்கவில்லை. சரி, சோதிப்பவர்களை நாம் சோதித்துப் பார்ப்போம், நோயே இல்லாத ஆளின் சளியைக் கொடுப்போம் என்று தோன்றியது.

மதினியிடம் குப்பி கேட்டேன். ஊசிகளைத் தட்டில் கொட்டி, வெந்நீரில் கழுவித் தந்தாள். பக்கத்து வீட்டில் கர்லாக்கட்டை சுற்றுகிற சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவனிடம் நீட்டினேன். "என்ன மாப்ள கூத்து இது" என்று சிரித்துக்கொண்டே காறிக் காறித் துப்பிக் கொடுத்தான். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "இது வெறும் எச்சியில்ல? நெஞ்சுச் சளி வேணும்ணே." மறுநாள் காலையில் மதினியிடமே கேட்டேன். வாசல் தெளித்துவிட்டு வந்தவள், கேட்ட மாத்திரத்தில் இரண்டு தரம் இருமினாள், குப்பியில் துப்பினாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள். "இம்புட்டுப் போதுமா?" என்றாள். கர்லாக்கட்டை சுற்றி ஊருக்கே பலம் காட்டுகிறவன் முக்கி முக்கியும் வராத சளி இவளுக்கு எப்படிக் கேட்டவுடனே வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

சிப்பந்தி மூடி இறுகவில்லை என்று அதை என்னிடமே கொடுத்துவிட்டு, குப்பி வாயில் பஞ்சை அடைத்து, என் பேர் எழுதிய தாளை ஒட்டினான். இரண்டு நாள் கழித்துச் சளியில் கிருமி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், உடனே படுக்கையில் சேர வேண்டும் என்று சீட்டும் எழுதித் தந்தார். எனக்குப் பயம் வரவில்லை, ஜெயித்த சந்தோஷம்தான் வந்தது. ஆற்றோரமாக வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். மதினி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கேட்டீங்களா மதினி, உங்க சளில கிருமியாம். கொட்டகைல வந்து படுக்கணுமாம்" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கீரையைக் கீழே வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

ஆலை வேலையை விட்டுவிட்டு பஸ் நிறுத்தும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஞ்சுத் தூசி இல்லாத இடம், இரண்டே மாதத்தில் என் இருமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிப் புளுகுக்கு இதைவிட அத்தாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. தெருவில் யார் இருமினாலும் அங்கே போகாதே என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். அதைக் கேட்டுப் போகாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ, விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை. மதினி இளைத்துக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை விரதத்தால் என்று நினைத்தேன். கிணற்றுத் தண்ணீர் சேரவில்லையோ, அண்ணன் ஏதாவது கடிந்து பேசினாரோ என்று நினைத்தேன். கஷாயத்துக்கு வைத்தியரிடமும், நாடி பார்க்க ஹக்கீமிடமும் நான்தான் கூட்டிப்போனேன். நான் நம்பாத அதே இரண்டு பேர். ஆஸ்பத்திரிக்கு அவர்கள் தேவலை என்பது என் கணக்கு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் இருமினாள். கழுநீர் சிவந்துபோயிற்று. நான் ஓடிப்போய் நின்றேன். அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கொழுந்தனாரே, அந்தச் சீட்டக் கிழிச்சிட்டீகளா, வச்சிருக்கீகளா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே குதிரை வண்டி வைத்து அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. நோயாளி எழுந்து நடந்து வந்திருக்கிறானே என்று முதலில் என் நெஞ்சில்தான் குழாயை வைத்தார். பிறகு மதினி முதுகில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். சளியை மாற்றிக் கொடுத்ததை நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எட்டு மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். அந்த நாளில் இந்த நோய்க்கு ஓய்வும் பாலும் முட்டையும் ஊசியும்தான். அதையும் காலத்தோடு தொடங்கினால் பிழைத்தவர்கள் உண்டு.

மறுநாள் அண்ணன் வந்தார். கொட்டகையில் மதினியின் கட்டிலோரம் நின்றுகொண்டு என் மேல் பாய்ந்தார். "இம்புட்டு நாளா ஒருத்தனுக்கும் தெரியலையா? நீ வீட்லதானடா இருந்த?" நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொன்னாள்: "அவர ஏன் வையிறீக? நான்தான் யாருட்டயும் சொல்லாம மறச்சேன்." நான் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல அன்றைக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு நாற்பது நாள் கஞ்சி கொண்டுபோனேன், அந்த நாற்பது நாளிலும் நேரம் இருந்தது. மதினி போன பிறகு அண்ணன் இருபது வருஷம் இருந்தார். அவள் பேச்சு வரும்போதெல்லாம், "கட்டுன புருஷன்கிட்டயே மறச்சுட்டா" என்று மனத்தாங்கலோடு சொல்வார். அந்த மனத்தாங்கலோடேயே போய்ச் சேர்ந்தார்.

மதினி ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பாசத்தினால் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அண்ணன் என்னை வீட்டைவிட்டுத் துரத்தினால் கஞ்சி கொண்டுவர ஆள் இருக்காதே என்று பயந்திருக்கலாமோ என்றும் ஒரு நினைப்பு வருகிறது. செத்துக்கொண்டிருந்தவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட இந்தப் புத்தி சும்மா விடமாட்டேன் என்கிறது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் எனக்கு இருமல் விடாமல் வந்தது. மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இப்போது குப்பியை நாம் கொண்டுபோக வேண்டியதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா அவர்களே தருகிறார்கள், மூடி நன்றாக இறுகுகிறது, நோய்க்கு மாத்திரையும் இருக்கிறது. மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். எண் எழுதிக்கொண்டே, "தாத்தா, இது ஒங்க சளிதானே?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அந்தச் சிப்பந்தி இதைக் கேட்டிருந்தாலும் நான் கூசாமல் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சட்டைப்பையில் அந்தத் தகர மூடி இருந்தது, கிளம்பும்போது ஏன் எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை. அதைத் தொட்டுக்கொண்டு, "ஆமாம்மா, என்னோடதுதான்" என்றேன். அவள் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம்பிவிட்டாள்.