தொப்பிக்காரர் சொன்ன பெயர்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்தாலும் சரி, இது எனக்கு நடந்தது.

எண்பத்தாறு மாசி மாதம். கனடாவில், பார்க்டேல் என்ற இடத்தில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் என் பெயர் செபஸ்தியன். திருகோணமலைப் பக்கம் விட்டுவந்த மனைவி வசந்திக்கு நான் தவராசா. நான் வந்து மூன்றாம் மாதம் எங்கள் ஊரையே எரித்துவிட்டார்கள். வசந்தியும் கைக்குழந்தையும் இருக்கிறார்களா, இல்லையா, ஒன்றும் தெரியாது. போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. அவள் உயிரோடு இருந்தாலும் என்னை எங்கே, எந்தப் பெயரில் தேடுவாள்? அதை நினைத்தே எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது.

அப்போது ஒரு பழைய தேவாலயத்தில் எனக்குக் கிளீனிங் வேலை. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்களின் வழியில் வந்த சனத்தின் தேவாலயம் அது. மிஸிஸ் கிரீன் என்று ஒரு ரீச்சர், பேஸ்மென்ட்டில் பழைய பதிவேடுகளைப் பரப்பி வைத்து, அந்த ஆட்களின் குடும்பங்களைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லை தாண்டிய பிறகும் எசமான்கள் தேடிப் பிடிப்பார்கள் என்ற பயத்தில் பெயரை மாற்றிக்கொண்டார்களாம். பிறகு அவர்களைத் தேடி வந்த பெண்சாதி பிள்ளைகளாலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். என் அரைகுறை இங்கிலிஷுக்கும் அது உடனே விளங்கியது. பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஒரு மத்தியானம் மிஸிஸ் கிரீன் வரவில்லை. நான் மேல் கதவைப் பூட்டிவிட்டுக் கீழே கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு வயதான கறுப்பர் நிற்கிறார். தன் மனைவியைத் தேடுவதாகச் சொன்னார், அவள் பெயரையும் சொன்னார். எனக்கு என்ன வந்ததோ, தமிழிலேயே கொட்டத் தொடங்கிவிட்டேன். வசந்தியின் பெயர், அவள் தகப்பன் பெயர், ஊர், என் கள்ளப் பெயர், பார்க்டேல் விலாசம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் விசாரிக்கிறன். நீ என்ரை ஆளைப் பார்," என்றார். அது தமிழா இங்கிலிஷா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். மேலே ஓடினேன். கதவு பூட்டியபடியே இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செபஸ்தியன் என்ற பெயருக்கு, வசந்தியின் கையெழுத்தில்.

"தொப்பியைக் கையிலை வைச்சுக்கொண்டு ஒரு வெளிநாட்டு ஐயா காம்புக்கு வந்து உங்கடை விலாசம் தந்தவர். பிள்ளை அழாமல் அவரிட்டைப் போனவள். தன்ரை மனிசியை நீங்கள் தேடுறீங்கள் எண்டு சந்தோசமாச் சொன்னவர். அவ கிடைச்சிட்டாவோ?"

அவர் தன் மனைவியின் பெயரைச் சொன்ன நேரம் நான் என் கதையைச் சொல்லத்தான் அவசரப்பட்டேன். அது காதில் ஏறவே இல்லை. மிஸிஸ் கிரீனிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை எடுத்து, பின்னேரம் முழுக்க ஒவ்வொரு பெண்ணின் பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் என் முகத்தைப் பார்ப்பார். எந்தப் பெயர் அவர் சொன்னது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

எண்பத்தெட்டில் வசந்தி மகளோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவள் முதலில் கேட்டது அந்த ஐயாவின் மனிசியைப் பற்றித்தான்.

"ஓம், கிடைச்சிட்டா," என்றேன்.

வசந்தியிடம் அப்படிச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். அந்தத் தொப்பிக்காரரே வந்து கேட்டால் என்ன சொல்வேன்?