பாதி இறங்கிய துளை

நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டிய அந்த எஃகுத் தகட்டில் கடைசித் துளை மட்டுமே பாக்கி. மார்த்தாண்டத்தில் தம்பியின் பட்டறைக்குச் சோறு கொண்டுபோன நான் மூச்சுவிடப் பயந்து நின்றேன். மாலைக்குள் தகட்டைக் கொடுத்தால், கல் உடைக்கும் மெஷினுக்கான தகடு வேலை முழுவதையும் தருவதாகக் குவாரிக்காரர் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் தம்பி மறுபடி வளைகுடாவுக்குப் போக வேண்டாம். படுக்கையில் கிடந்த அப்பாவின் பக்கத்திலேயே இருக்கலாம்.

கடினப்படுத்திய எஃகு லேசில் இடம் கொடுக்காது. முந்தைய வாரங்களில், முதலில் துளைபோடும் சாதாரண பிட்டை வேகமாக ஓட்டினான். நுனி சூடேறி நீலம் பாய்ந்து மழுங்கியது. பிறகு கேஸ் தீயில் சுட்டுத் துளைத்தான். துளை விழுந்தது, ஆனால் சூட்டில் இளகிய இடத்தை மெஷினில் உடைபடும் கல் தின்றுவிட, தகடு திரும்பி வந்தது. கடைசியில் விலைகூடிய கார்பைடு பிட் வாங்கி, வேகத்தைக் குறைத்து, ஒரே சீரான அழுத்தத்தில் இறக்கப் பழகினான். "எக்கா, எறங்குனா எறங்கிட்டே இருக்கணும். நடுவுல நின்னா ஒடிஞ்சு உள்ள மாட்டிரும்" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிட் பாதி இறங்கியிருந்தபோது ரோட்டில் வாத்தியாரின் இறுதி ஊர்வலம் வந்தது. சவப்பெட்டி கடக்கும்வரை எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் மெஷின் ஓடாது. அதுதான் மரியாதை. "லேய், மெஷின நிப்பாட்டு! சாருக்க பெட்டி வருது" என்று பக்கத்து டீக்கடை அண்ணன் கத்தியது சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லை. அவரே உள்ளே வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். 'டக்'கென்று பிட் ஒடிந்தது.

தம்பி வாசலுக்குப் போய்க் கும்பிட்டு நின்றான். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஒடிந்த பிட்டைப் பார்த்து என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். "அழாத மக்கா, நல்ல மனுசன், கஷ்டப்படாம போயிட்டாரு" என்று டீக்கடை அண்ணன் என்னைத் தேற்றினார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? அவர் செய்தது தப்பில்லையே.

உள்ளே மாட்டிய துண்டு கடைசிவரை வெளியே வரவில்லை. வேலை வேறு பட்டறைக்குப் போனது. தம்பி விமானம் ஏறினான்.

இந்த வருஷம் அப்பா போய்விட்டார். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து நான் போன் பண்ணியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பாவுக்க பெட்டி போம்போ மெஷின நிப்பாட்டுனாவளா எக்கா?"

"எல்லாரும் நிப்பாட்டுனாவ மக்கா" என்றேன்.