பெண் பிள்ளைக்கு மெல்லிய ஃபிசிக்ஸ் புத்தகம் போதுமாம்

எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். நான் ஒரு கடைக்காரரைத் திட்டத் திட்ட, மகள் கல்யாணி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள்.

இன்று பேத்தி நித்யாவோடு டெல்லியின் புத்தகக் கடைத் தெருவான நயி சடக் போனேன். மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு ஃபிசிக்ஸ் புத்தகம் வாங்க வேண்டும். அவள் தடித்த ஒன்றை எடுத்ததுமே கடைக்காரர் அதை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தார்.

"பாபுஜி, டாக்டருக்குத்தானே படிக்குது? பயாலஜியிலேயே மார்க் வந்துடும். பொண்ணுக்கு இந்த கைடு போதும்" என்று ஒரு மெல்லிய புத்தகத்தை நீட்டினார்.

நித்யா புரட்டிப் பார்த்தாள். "தாத்தா, இதுல ஆன்சர் மட்டும்தான் இருக்கு. கணக்கை எப்படிப் போடணும்னே இல்ல."

"கணக்கெல்லாம் இன்ஜினியரிங் போற பசங்களுக்கு, மகளே" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணியை இதே கடைக்கு அழைத்து வந்தபோதும் இதையேதான் சொன்னார். அப்போது அவர் தலை கருகருவென்று இருந்தது. வாயில் இதே பான். நம்பி வாங்கினோம். பயாலஜியில் மார்க்கை அள்ளியவள் ஃபிசிக்ஸில் கோட்டை விட்டாள். இன்று ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறாள்.

"ஏய்யா, உன் பேச்சைக் கேட்டு என் வீட்டில் ஒரு டாக்டர் போனது போதும். அந்தத் தடித்ததை எடு!" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. எடுத்தார்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

"விடுங்கப்பா, அந்த ஆளுக்கு நம்ம ஞாபகமே இருக்காது" என்கிறாள் கல்யாணி.

அதையும் தட்டு என்றேன்.

பெண்ணைப் பெற்ற டெல்லிக்காரர்களே, உங்களுக்கு எந்தக் கடையில் மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள்?