காரணப் பத்தியில் நான் எழுதியது

அறுபதுகளின் தொடக்கத்தில் சாத்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். தொழிற்பிரிவும் உள்ள பள்ளி. பையன்கள் நெசவும் பொறியியலும் படித்தார்கள். தட்டச்சுப் பிரிவு என் பொறுப்பு.

எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் ஒருத்தி அச்சங்குளத்திலிருந்து நடந்து வருவாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. எழுத்துகளைப் பார்க்காமலே தட்டச்சு செய்வாள். ஒரு பிழை விழுந்தாலும் தாளை உருவிவிட்டுப் புதுத்தாள் போடுவாள்.

தீபாவளிக்கு முந்தின பட்டாசு சீசனில் அவள் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்கே போனேன். அவள் அப்பா வாழையிலையில் படுத்திருந்தார். பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வெடிமருந்து பற்றிக்கொண்டதில் இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயிருந்தன. பெண் வீட்டில் இல்லை. அதே ஆபீஸுக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

"அவுக எந்திரிக்க எம்புட்டு நாளாகுமோ டீச்சர்," என்றார் அம்மா. "அதுவரைக்கும் போகட்டும்னு அனுப்பிட்டேன்."

"வருகை நாள் பத்தாமப் போனா பரீட்சை எழுத விட மாட்டாகம்மா."

"அவளும் அதைச் சொல்லித்தான் அளுதா. நாங்க என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

திரும்பி வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு மாணவரின் சாதி, பெற்றோர் தொழில், மதிப்பெண், பின்தங்கியதற்குக் காரணம். நிரப்ப உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. நிலம் உள்ளவர்கள், கடைக்காரர்கள், எங்களைப் போன்ற வாத்தியார்கள் வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண் இரண்டு பரீட்சையிலும் ஒரே சீராக இருந்தது. பட்டாசு, தீப்பெட்டிக் கூலிகளின் பிள்ளைகளில் பலர் காலாண்டில் நன்றாக எழுதிவிட்டு அரையாண்டில் விழுந்திருந்தார்கள்.

அவள் பெயருக்கு நேரே காரணப் பத்தியில், 'தந்தைக்குத் தீக்காயம், வேலைக்குப் போகிறாள்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் அல்லர், பயந்தவர்.

"ஆபீஸ் விஷயமெல்லாம் இதுல வேண்டாம் டீச்சர். விசாரணை அது இதுன்னு வரும். 'ஆர்வமின்மை'ன்னு போட்டுருங்க."

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. புதுத்தாள் எடுத்து, கூலிகளின் பிள்ளைகளில் பின்தங்கிய எல்லோருக்கும் அந்த ஒரே சொல்லை, அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கோடையில், ஆபீஸில் வயது கேட்கிறார்கள் என்று சான்றிதழ் வாங்க வந்தாள். மேசையில் படிவத்தின் நகல் விரிந்து கிடந்தது. நான் மூடுவதற்குள் படித்துவிட்டாள்.

"எனக்கா டீச்சர் ஆர்வம் இல்ல?"

"அது சும்மா... படிவத்துக்காக எழுதுறதும்மா," என்றேன்.

அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சான்றிதழோடு போனாள். மறுபடி பள்ளிக்கு வரவேயில்லை.

அந்த ஆண்டே, கூலிகளின் பிள்ளைகளுக்குத் தட்டச்சில் நாட்டமில்லை என்று உத்தரவு போட்டு, பாதி இயந்திரங்களை வேறு பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வண்டி புறப்படும்வரை நின்று பார்த்தேன். அதன் பிறகு இரண்டு முறை அச்சங்குளம் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கவில்லை.