கஞ்ச மேடமும் ஏழாம் பதிப்பும்

கல்லூரியில் அவளுக்குக் கஞ்ச மேடம் என்று பெயர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகம். தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் பிளந்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாள். "அதுக்குள்ள குடித்தனமே நடத்திருவே போலிருக்கே" என்பான் கணவன். ஆனால் அவளுடைய கஞ்சத்தனத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஊரார் காசையும் செலவழிக்க விடமாட்டாள்.

அதனால்தான் அவள் நடத்தும் இயற்பியல் பாடநூலின் ஏழாம் பதிப்பு வந்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. செங்கல் கனம், யானை விலை. ஆறாவதையும் ஏழாவதையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரிவரியாக ஒப்பிட்டாள். அட்டை புதிது. ஓரிரு அளவுகள் மாறியிருந்தன. மற்றபடி கணக்குகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டு எண் மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

"பழைய புத்தகம் வச்சிருக்கிற பிள்ளைங்க நீ சொல்ற கணக்கை எப்படித் தேடும்?" என்றான் கணவன்.

"நம்பர் எதுக்கு? பேர் வச்சுட்டாப் போச்சு."

மறுநாளே வகுப்பில் எண்கள் ஒழிந்தன. அக்காவின் கிழிந்த புத்தகம், நூலகப் பிரதி, எதுவும் செல்லும். கணக்குகளுக்குப் பெயர் வைப்பதை மாணவர்களிடமே விட்டாள்.

"வழுக்கி விழுந்த பூனை போட்டாச்சாடி?"

"எங்க? ஓட்டை வாளியிலயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

கல்லூரி வாசலில் கடை வைத்திருந்த புத்தகக்காரர், ஏழாம் பதிப்புக் கட்டு பிரிக்காமலே கிடக்கிறது என்று துறைத் தலைவரிடம் போய் மூக்கைச் சிந்தினார். தலைவர் வகுப்புக்கே வந்துவிட்டார். அவர் நுழைந்தால் வாசற்கதவு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு உடம்பு.

"ஆளுக்கொரு புத்தகம் வச்சுக்கிட்டு என்ன பாடம் நடக்கும்? குழப்பம்னு தெரிஞ்சா, நாளைக்கே எல்லாரும் புதுசு வாங்கியாகணும்" என்றவர், முன்வரிசைப் பெண்ணைப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கணக்கும்மா?"

"லிஃப்ட் கணக்கு சார்."

"அதுக்கு நீங்க வச்ச பேரு?"

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் கூரையைப் பார்த்தாள். "அது... தலைவர் லிஃப்ட்ல போன கணக்கு, சார்" என்றாள் முன்வரிசைப் பெண்.

கஞ்ச மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் வெறும் லிஃப்ட் கணக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். போச்சு, அத்தனை பிள்ளைகள் தலையிலும் செங்கல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் வகுப்பே, ஆளுக்கொரு புத்தகத்தில், கண நேரத்தில் சரியான பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது. தலைவர் புதிய புத்தகம் ஒன்றை வாங்கிப் பார்த்தார். லிஃப்டில் நிற்பவரின் எடை தொண்ணூற்றைந்து கிலோ. பழைய புத்தகத்தைப் பார்த்தார். எழுபது.

"என்ன மேடம் இது?"

"அளவை மாத்தியிருக்காங்க சார். பதிப்புக்குப் பதிப்பு ஆளு கொஞ்சம் சதை போட்டிருக்காரு."

தலைவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். எழுபதை இன்னொரு முறை ஆசையோடு பார்த்தார்.

"ஏழாம் பதிப்பு நம்பற மாதிரி இல்ல. பழசே இருக்கட்டும்."

வெளியே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அவர் மாடிப்படி வழியாக இறங்கிப் போனார்.