மொதல்ல சுவரு

பங்களாக்காரனுக்கு நான் சமைச்சுப் போட்டேன். உப்பு, காரம் எல்லாம் சரியாத்தான் போட்டேன். வேற எதுலயும் அவனுக்கு நல்லது செய்யல. செய்யணும்னு தோணவும் இல்ல.

கடப்பாக்கத்துக்கு இந்தாண்ட, கோட்டை இடிஞ்சு கெடக்குதே, அதுக்குப் பக்கத்துல எங்க குப்பம். முன்னாடி எல்லாம் வாசலத் தாண்டினா மணல், மணலத் தாண்டினா கடல். பங்களாக்காரன் வந்தான். பங்களாவுக்குப் பின்பக்கமா, எங்களுக்கும் கடலுக்கும் நடுவுல நீட்டா ஒரு சுவரு போட்டான். அது அவன் எடமில்ல, யாரோட எடமும் இல்ல. படகு ஏத்துற வழி அது.

அப்புறம் சவுக்குத் தோப்பச் சுத்திப் போனோம். எஞ்சின் தோள்ல, வலை தலையில. என் வீட்டுக்காரர் எஞ்சினோட சவுக்கு வேர் தடுக்கி விழுந்தார். இடுப்பு போச்சு. படகு கரையிலயே நின்னுது.

செங்கல்பட்டு வரைக்கும் போய் மனு குடுத்தோம். வாங்கிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

வீட்டுல உலை கொதிக்கணும். பங்களாவுல சமைக்க ஆள் கேட்டாங்க. குப்பத்துல ஒருத்தியும் போகல. நான் போனேன். தண்ணிக் குழாயில என் குடத்தப் பின்னாடி தள்ளினாங்க. "சுவரு கட்டுனவனுக்கு சோறாக்குறவளுக்கு இன்னா அவசரம்?" ஒருத்தி கேட்டா. நான் கடைசியிலயே புடிச்சுக்கிட்டு வந்தேன்.

பங்களாக்காரன் பெரிய ஆபீஸ்ல உக்காந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஆபீசுன்னு சொல்லமாட்டேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வரப்போற சேதி ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும். மச்சான் பேர்ல நெலத்தை வாங்கிப் போட்டான். வித்தவன் இப்ப அதே கம்பெனி வாசல்ல வாட்ச்மேன். இதை எல்லாம் அவனே சாப்பிடும்போது வந்தவங்ககிட்டச் சொல்லிச் சிரிப்பான். சமையக்காரிக்கும் காது உண்டுன்னு அவனுக்குத் தோணினதே இல்ல.

என் தம்பி செய்யூர்ல இருக்கான். கார் ஓட்டுவான். யாருக்குன்னு கேட்டா பேச்சை மாத்துவான். ஒரு நாள் சொன்னான். அது ஒரு கூட்டம். ஆபீசர் மாதிரி வேஷம் கட்டுற கூட்டம். லஞ்சம் வாங்கி வீடு கட்டினவன் வீட்டுக்கு மட்டும் போவாங்க. அந்த ஆபீசு, இந்த ஆபீசுன்னு சொல்லி மெரட்டுவாங்க. அவனே பையத் தூக்கியாந்து குடுப்பான். ஏமாந்தது தெரிஞ்சாலும் போலீசுக்குப் போகமாட்டான். போனா, அவ்வளவு காசு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க.

அவங்களை நல்லவங்கன்னு நெனைக்காதீங்க. நல்லவன்கிட்ட காசு இருக்காது, அதான் அங்க போறதில்ல.

தம்பி என்னை அவங்க தலைவர்கிட்டக் கூட்டினு போனான். எல்லாரும் அவரை அண்ணாத்தன்னு தான் கூப்பிடுவாங்க. தம்பி வீட்டு வாசல்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காஞ்சுக்கிட்டிருந்துது. அதுல ஒண்ணு ஒண்ணா எடுத்து உரிச்சுத் தின்னுக்கிட்டே பேசினார். பக்கத்துல இன்னொரு ஆள். போற எடத்துல டேப் புடிச்சு அளக்கிறது அவன் வேலை.

"யம்மா, அந்த வூட்ல காசு கீதா?"

"கீது. எங்கன்னு தெரியாது."

"எங்க இருந்தா நமக்கின்னா? நாங்க இன்னா திருடனா? அவனே எடுத்தாருவான். அவன் எதுக்குப் பயப்படுவான், அதச் சொல்லு."

"கடலோரம் வூடு கட்டக்கூடாதுன்னு வடக்காண்ட ஒரு பங்களாவ இடிச்சாங்க. அன்னிலேருந்து சரியாத் தூங்குறதில்ல."

அண்ணாத்த டேப் ஆளைப் பார்த்தார். ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

"போன்?"

"மொட்டை மாடியில தான் டவர் எடுக்கும். மாடி சாவி சமையக்கட்டு ஆணியில."

"அது அன்னிக்கு ஆணியில இருக்கக்கூடாது. உனக்கு இன்னா பங்கு வேணும்?"

"சுவரு."

"இன்னா?"

"சுவரை இடிக்கணும். மொதல்ல அது. அப்புறம் உங்க காசு."

தம்பி தலையில அடிச்சுக்கிட்டான். "லூசாக்கா நீ?"

அண்ணாத்த மல்லாட்டையைக் கீழ போட்டார். "எங்க தொழில்ல போனமா வந்தமான்னு இருக்கணும். டீ ஆறதுக்குள்ள வெளிய வரணும். சுவரு வுழுற வரைக்கும் குந்திகினு இருந்தா, எங்க மேல தான் வுழும்."

"காசு கைக்கு வந்தா சுவருக்கு நிப்பீங்களா?"

டேப் ஆள் சொன்னான், "கரெக்டாத்தான் கேக்குது அண்ணாத்த. நிக்கமாட்டோம்."

"வாய மூட்றா."

"அப்ப சாவி ஆணியிலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் தம்பி திட்டிக்கிட்டே வந்தான். பஸ் வர்றதுக்கு முன்னாடி அண்ணாத்த அவனுக்கு போன் பண்ணினார். சரின்னுட்டார். நல்ல வார்த்தை சொல்லி இல்ல, திட்டிக்கிட்டே தான்.

அவங்க வந்தது ஒரு காலை நேரம். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். மாடி சாவி என் இடுப்புல. வெள்ளைக் காரு முன் கேட்டுக்கு வெளிய நின்னுது. தம்பி உள்ளயே உக்காந்திருந்தான், என் பக்கம் திரும்பல.

அண்ணாத்தயை எனக்கு அடையாளமே தெரியல. முழுக்கை சட்டை, கழுத்துல அட்டை. வாசல்ல ஷூவைக் கழட்டல. நேரா கூடத்துக்கு வந்தார். அது அவங்க வழக்கம். செருப்பைக் கழட்டினா விருந்தாளி, கழட்டாம வந்தா கவர்மென்ட்டு. தண்ணி குடுத்தாலும் தொடமாட்டாங்க. காசுங்கிற வார்த்தை அவங்க வாயில வராது.

"உக்காருங்க சார். ஏய், காபி கொண்டா."

"வேண்டாம்."

டேப் ஆள் கடல்லேருந்து சுவரு வரைக்கும், சுவருலேருந்து வாசப்படி வரைக்கும் அளந்தான். அளந்து வந்து அண்ணாத்த காதுல ஏதோ சொன்னான். அண்ணாத்த ஆபீஸ் தமிழ்ல பேசினார். கேட்டா எனக்கே பயமா இருந்துது.

"சுற்றுச்சுவர் மட்டுமல்ல, வீடே எல்லைக்கு உள்ளே இருக்கிறது. நான் எழுதினால் வீடு நிற்காது."

"எழுதாம இருக்க..."

"பொது வழியைத் திறந்து விடுங்கள். ஆக்கிரமிப்பை அகற்றிவிட்டார் என்று எழுதிக்கொண்டு, வீட்டை விட்டுவிடலாம். திறந்த பிறகுதான் மற்றது."

பங்களாக்காரன் யோசிச்சான். சுவரா, வீடா. பங்களா வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பக்கத்து இறால் பண்ணையில நிக்கிற பொக்லைனைக் கூட்டியாரச் சொன்னான்.

அது வர்ற வரைக்கும் அண்ணாத்த நாற்காலியில உக்காந்திருந்தார். ஷூவுக்குள்ள கால் ஆடிக்கிட்டே இருந்துது. நான் கூடத்தைத் தாண்டிப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். கொன்னுடற பார்வை. நான் வெங்காயத்துக்குப் போனேன்.

பொக்லைன் வந்துது. பின்பக்கம் சத்தம் கேட்டுது. சுவத்துல ஒரு படகு போற அளவுக்கு வாய் தொறந்துது. தூசி அடங்கினதும் கடல் தெரிஞ்சுது. சமையக்கட்டு ஜன்னல்லேருந்து அதுவரைக்கும் சுவத்தைத் தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

பங்களாக்காரன் உள்ள போய் ஒரு பையோட வந்தான். கூடத்துல பாதி வந்தவன் அப்படியே நின்னான். பையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்கள்."

"நீங்க உக்காந்திருக்கிற மாதிரி நாற்காலியில நானும் உக்காந்தவன் தான். நான் ஒருத்தன் சுவரையும் இடிச்சதில்ல. ஏன் தெரியுமா?"

அண்ணாத்த கையில இருந்த பைலை மூடினார்.

"நிக்கிற சுவரு வருஷா வருஷம் குடுக்கும். இடிச்ச சுவரு இன்னா குடுக்கும்? இடிச்சுட்டு அப்புறம் வாங்குற ஆபீசரை நான் பாத்ததே இல்ல." குரல் மாறிப்போச்சு. "யார்றா நீ?"

டேப் ஆள் டேப்பைச் சுத்த ஆரம்பிச்சான்.

"வாட்ச்மேன்! கேட்டைப் பூட்டு!" பங்களாக்காரன் செல்போனை எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறினான். கதவு பூட்டிக் கெடந்துது. மேல நின்னு கத்தினான். "ஏய்! மாடி சாவி எங்க?"

"ஆணியில இருக்கும்."

"ஆணியில இல்லடி!"

"அப்ப தெரியல."

இரும்பு சாவி இடுப்புல குத்துச்சு. நான் குழம்பைக் கிளறினேன்.

முன் கேட்டு பூட்டியாச்சு. வெளிய தம்பி ரெண்டு வாட்டி ஹாரன் அடிச்சான். அப்புறம் வண்டி போற சத்தம். விட்டுட்டு ஓடுறான்னு நெனைச்சேன். தோப்புப் பக்கம் சுத்தி வரப்போனான்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

அவங்களுக்கு ஒரே வழி. பின்பக்கம், அவங்களே தொறந்த வாய். அண்ணாத்த ஓடல. பைலை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, ஆபீசர் மாதிரியே நடந்து மணல்ல எறங்கினார். ஷூ புதைஞ்சு புதைஞ்சு எழுந்துது. நான் பின்வாசல்ல நின்னு பார்த்தேன்.

பொக்லைன் சத்தம் கேட்டு குப்பமே அங்க நின்னுது. அவங்களுக்கு இவர் நெஜ ஆபீசர். எங்க குப்பத்துக்கு நியாயம் பேசுற நாட்டாரு நேரா குறுக்க வந்தார்.

"இன்னா சாரு, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? எத்தினி மனு! ஒருத்தனாவது இந்த மணல்ல கால வெச்சீங்களா?"

"வழி விடுங்க."

"நாங்க கேட்டப்ப எவன் வுட்டான் வழி?"

ஒருத்தி மீன் கூடையை அவர் காலுக்கு முன்னாடி வெச்சா. "என் புருசன் கால் ஒடைஞ்சுது தோப்புல. எழுது, அதையும் எழுது." அண்ணாத்தக்கு வேர்த்து ஊத்துச்சு. அவர் வாழ்க்கையில இவ்வளவு திட்டு வாங்கியிருக்கமாட்டார்.

அதுக்குள்ள பங்களாக்காரன் ஓடி வந்தான். பை கையிலயே இருந்துது. "புடிங்கடா அவன! அவன் ஆபீசரே இல்ல! டுபாக்கூர்!"

நாட்டாரு திரும்பினார். இடிஞ்ச சுவத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"உன் சுவர இடிச்சா டுபாக்கூரு. உன்கிட்ட வாங்கினு போனா ஆபீசரா?"

கூட்டம் சிரிச்சுது. சந்தோஷச் சிரிப்பு இல்ல அது. ஆம்பளைங்க அவனைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. யாரும் கை வெக்கல. அவனால ஒரு அடி நகர முடியல. அந்தாண்ட அண்ணாத்தயும் டேப் ஆளும் சவுக்குத் தோப்புக்குள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல கார் சத்தம்.

பங்களாக்காரன் திரும்பி வந்து மேசையில உக்காந்தான். போலீசுக்குப் போகல. போய் இன்னா சொல்லுவான்? லஞ்சம் குடுக்கப் போனேன், ஆள் போலின்னா? நான் இலை போட்டேன். சாவி ஆணியில தொங்குச்சு. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அவனுங்கள உனக்குத் தெரியுமா?"

"சோறு ஆறுது."

சாப்பிட்டான்.

தம்பி என்னைக் கடப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தான். வண்டியை விட்டு எறங்கல, கண்ணாடியை மட்டும் எறக்கினான்.

"ஒரு ரூபா வரல. உன்னால மாட்டியிருப்போம். இனிமே உன் மூஞ்சியில முழிக்கமாட்டாராம் அண்ணாத்த. நானும் தான்."

"சுவரு வுழுந்துதுல்ல?"

"வுழுந்துது."

"அப்ப போ."

போயிட்டான். என் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன் தான். இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. நான் கேட்டதை மாத்திக் கேட்டிருப்பேனான்னா, இல்ல.

அந்த வாரமே பங்களாக்காரன் செங்கல் எறக்கினான். கொத்தனார் காலையில வந்து பார்த்தா, இடிஞ்ச வாயில படகு ஒண்ணு குறுக்க நிக்குது. ராத்திரியே குப்பத்து ஆம்பளைங்க இழுத்து வெச்சிருந்தாங்க. கடலுக்குப் போகாத படகு ஊர்ல ஒண்ணே ஒண்ணு தான். என் வீட்டுக்காரரோடது. கேக்க வந்தவங்ககிட்ட அவர் படுத்த எடத்துலேருந்து, "எடுத்துகினு போங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

பங்களாக்காரன் சமையக்கட்டுக்கே வந்தான். அதுக்கு முன்னாடி அந்தப் படி தாண்டி வந்ததில்ல.

"அது உன் வூட்டுப் படகு தானே?"

"ஆமா."

"எடுக்கச் சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"இந்த வூட்டு உப்பத் தின்னுட்டு..."

"ஆக்குனதே நான் தான்."

"வெளிய போ"ன்னான். அடுப்பை அணைச்சேன். குழம்பை மூடி வெச்சேன். அரிவாள்மனை என்னோடது, எடுத்துக்கிட்டேன். முன் கேட்டு வழியா போகல. பின்பக்கமா, படகுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒடுங்கி வெளிய வந்தேன்.

கொத்தனார் ரெண்டு வாட்டி வந்து பார்த்துட்டுப் போனார். செங்கல் இன்னும் அங்கயே கெடக்குது. எங்க பொம்பளைங்க அது மேல கருவாடு காயவெக்கிறாங்க.

குழாயடியில என் குடம் இப்பவும் கடைசியில தான். வழி தொறந்தது ஆபீசராலன்னு தான் குப்பம் நெனைக்குது. நல்ல ஆபீசர்னு பேசிக்கிறாங்க. நான் சமையக்காரி. சொல்லி இன்னா ஆகப்போகுது? தம்பிக்கும் ஆபத்து.

வீட்டுக்காரர் இப்ப கொஞ்சம் நடக்கிறார். எஞ்சினைப் பக்கத்து வீட்டுப் பையனுங்க தூக்குறாங்க. தோப்பைச் சுத்தல, நேராத்தான் போறாங்க. அவர் கம்பை ஊணிக்கிட்டுப் பின்னாடி போறார். எங்க படகைத் தள்ளினதும் வேற ஒரு படகை இழுத்து அந்த வாயில வெச்சுடறாங்க. ஒரு நாளும் அதைக் காலியா விட்டதில்ல.