செல்லியின் ஆட்களைத் தேடிப் போனோம்

1. கருவக்காட்டில் ஒரு விசாரணை

ஜீப் அதற்கு மேல் போகவில்லை. இறங்கி நடந்தோம். கறம்பக்குடியில் நான் வருவாய்த் துறையில் ஆர்.ஐ.யாக இருந்தபோது வந்த புகார் அது. ஊரை விட்டுத் தள்ளி, கண்மாய்க்குப் பின்னால் இருந்த சீமைக்கருவைக் காட்டில் சில குடும்பங்களை அடைத்து வைத்துக் கரிமூட்டம் போடுகிறார்கள் என்று கலெக்டர் ஆபீசுக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். தாசில்தார் என்னையும் வி.ஏ.ஓ.வையும் அனுப்பினார்.

புகை கண்ணைக் கரித்தது. மூட்டத்தைச் சுற்றி நின்றவர்களின் கை, முகம், துணி எல்லாம் ஒரே நிறம். கரி முதலாளியின் மேனேஜர் மட்டும் வெள்ளை வேட்டியில் பளிச்சென்று வந்தார்.

"வாங்க மேடம். இளநி வெட்டச் சொல்லவா?"

"இளநி இருக்கட்டும். இவங்கள்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்கதாங்க. எங்க மொதலாளியோட அப்பா காலத்துலேர்ந்து இருக்காக. வீட்டு மனுசங்க மாதிரி."

"உங்க மொதலாளி வீட்டுக் கல்யாணத்துல இந்த வீட்டு மனுசங்கள எந்தப் பந்தியில உக்கார வச்சீங்க?"

மேனேஜர் இளநீரை மறந்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். அன்று அது கொஞ்சம் உதவியது.

ஒவ்வொருவரிடமும் ஸ்டேட்மென்ட் எடுக்கத் தொடங்கினேன். பெயர், தகப்பன் பெயர், வயது, சொந்த ஊர். மூன்று கேள்விகள் எப்படியோ தாண்டின. நான்காவதில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். முதலாளியின் ஊரைத்தான் தங்கள் ஊர் என்றார்கள்.

செல்லி என்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரிடம் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன்.

"அது மொதலாளி ஊரு. உங்க ஊரு எது?"

"நாங்க அவுக ஆளுங்கதானேம்மா. அவுக ஊருதான் எங்க ஊரு."

"அந்த ஊருல உங்களுக்கு வீடு இருக்கா?"

"நாங்க அந்த ஊரப் பாத்ததே இல்லீங்க."

பேனாவை மூடி வைத்தேன். பார்க்காத ஊரைச் சொந்த ஊர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

2. எழுதப்படாத கட்டம்

இவர்கள் கொத்தடிமைகள்தான் என்று கோட்டாட்சியர் விடுதலைச் சான்று கொடுத்துவிட்டார். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அவர்களைத் தங்க வைத்தோம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. விடுவித்தவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைப்பது வழக்கம். இவர்களை எங்கே அனுப்புவது?

"அவங்க சொன்ன ஊரையே போட்டு விடுங்கம்மா. ஃபைல மூடணும்ல," என்றார் தாசில்தார்.

"அது அவங்களக் கட்டி வச்சவரோட ஊரு சார். அங்கிட்டே அனுப்பி வைக்கவா?"

தாசில்தார் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நீங்களே ஒரு ஊரக் கண்டுபிடிங்க," என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

எங்கள் துறையில் எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு என்று பெருமை பேசுவோம். புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்குக்கூட 2-சி பட்டா போட்டிருப்போம். எந்த வயலில் எத்தனை தென்னை என்று அடங்கலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். காடு காடாக மரம் வெட்டி, கரி சுட்டு, லாரி லாரியாக அனுப்பிய இவர்களைப் பற்றி ஒரு வரி எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் சமுதாயக் கூடத்துக்குப் போய் உட்காரத் தொடங்கினேன். ஊர் எது என்று கேட்பதை விட்டுவிட்டேன். வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"செல்லி, உங்க சின்ன மகன் எங்க பொறந்தான்?"

"இவனா? அறந்தாங்கிப் பக்கம். தைலமரம் வெட்டுனோம்ல, அங்கிட்டு."

"பெரியவன்?"

"அவன் சாயல்குடிப் பக்கம். அங்க தண்ணி உப்பா இருக்கும்."

"உங்க அப்பா?"

"அப்பா செத்தது வேதாரண்யத்துப் பக்கம். சவுக்குத் தோப்புல பொதச்சோம். நான் அப்ப வயசுக்கு வரல."

"நீங்க எங்க பொறந்தீங்க?"

"முந்திரிக்காட்டுல. பண்ருட்டின்னு அம்மா சொல்லும்."

அவர்களுக்கு வருடம் தெரியாது. பிறப்பும் சாவும் தெரியும். மற்றவர்களும் கூடி உட்கார்ந்து, இது முந்தி, அது பிந்தி என்று திருத்தினார்கள். பின்னோக்கிப் போகப் போக ஒரு பாதை தெரிந்தது. ஒரு முதலாளி இன்னொரு முதலாளியிடம் தான் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மாட்டைக் கைமாற்றுவதுபோல் இவர்களைக் கைமாற்றியிருக்கிறார். இடம் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் ஒருவரைப் புதைத்திருக்கிறார்கள், ஒருவரைப் பெற்றிருக்கிறார்கள்.

முந்திரிக்காட்டோடு பாதை நின்றுவிட்டது. அதற்கு முன்னால் என்ன என்று செல்லிக்குத் தெரியாது. தெரிந்தவர் அவருடைய அம்மா பச்சையம்மா. அவர் அறந்தாங்கிப் பக்கம் கரிக்காட்டில் இறந்துபோயிருந்தார்.

"சாகுறப்ப எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்கள எப்பயாச்சும் பாத்தீன்னா, நான் மறக்கலன்னு சொல்லுன்னுச்சு. யாரு ஆளு, எங்கிட்டு இருக்காகன்னு கேக்குறதுக்குள்ள பேச்சு நின்னு போச்சும்மா. அதச் சொல்லிட்டா எனக்குப் போதும்."

மற்றவர்கள் வீடு கேட்டார்கள், ரேஷன் கார்டு கேட்டார்கள். நியாயமான கோரிக்கைகள், ஒவ்வொன்றாக நிறைவேறின. செல்லி கேட்டது இது ஒன்றைத்தான். இதற்கு எந்த விண்ணப்பமும் கிடையாது.

3. கண்மாய்க்கரையில் ஏழு மண்குவியல்

அந்த மாசி மாதம் வீட்டுமனை அளக்க சர்வேயரை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்குச் செங்கல்பட்டுப் பக்கம். இங்கே மாற்றலாகி வந்து, எங்கள் ஊர்க் காரத்தைத் திட்டிக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்.

கண்மாய்க்கரையில் செல்லி உட்கார்ந்திருந்தார். எதிரே ஈர மணலில் வரிசையாக ஏழு குவியல் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேப்பங்கொத்தைச் செருகியிருந்தார்.

"என்ன செல்லி இது?"

"அம்மா செய்யும். மாசிப் பௌர்ணமிக்கு எங்க இருந்தாலும் தண்ணியோரமாப் போயி இப்படி வச்சுக் கும்பிடும். வேல முடிஞ்சு வந்துதான் செய்யணும், மேஸ்திரி பாத்தா வைவாரு. கும்பிட்டுட்டு அழும். கேட்டா, கடல்ல செய்யணும்டின்னு சொல்லும்."

பின்னால் வந்த சர்வேயர் அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். "மேடம், இது கன்னியம்மா. ஏழு கன்னிங்க. எங்க பக்கம் இருளருங்க மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து இதேதான் செய்வாங்க. சுத்துவட்டார இருளருங்க எல்லாம் அங்க கூடுவாங்க. பொண்ணு பாக்குறது, நிச்சயம் பண்றது, பிரிஞ்சவங்க பாத்துக்கறது எல்லாம் அங்கதான்."

செல்லி எழுந்து நின்றார். "அந்த எடத்துக்கு எப்பப் போகலாம்?"

சர்வேயர் மென்று விழுங்கினார். "இன்னைக்குத்தாம்மா பௌர்ணமி. காலையில கலைஞ்சு போயிருவாங்க. இனி அடுத்த மாசிதான்."

செல்லி குவியல்களுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார். அம்மா ஆயுள் முழுக்க ஏங்கிய இடம் ஒரு நாள் பஸ் பயணத் தூரத்தில் இருந்திருக்கிறது.

அந்த வருடம் செல்லிக்கு மெதுவாகத்தான் நகர்ந்தது. மனைப் பட்டா விஷயமாக எப்போது பார்த்தாலும், "மாசி வர இன்னும் எவ்வளவும்மா இருக்கு?" என்பார். அம்மா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி என்னிடம் சொல்லுவார். அவர் பூசாரி, கன்னியம்மா அவர் மேல் இறங்கிக் குறி சொல்லும், பாம்பு கடித்து வலது கையில் ஒரு விரலை வெட்டிவிட்டார்கள். இவ்வளவுதான் தெரியும். பெயர்கூடத் தெரியாது. அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை என்று அம்மா வைராக்கியமாக இருந்துவிட்டாராம்.

4. கடற்கரையில்

இடையில் நான் ஓய்வு பெற்றேன். அதனால் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாசியில் நானும் செல்லியும் தஞ்சாவூர் வழியாகப் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அவர் முந்தானையில் எதையோ முடிந்து வைத்துப் பிடித்திருந்தார். அறந்தாங்கியில் அம்மாவைப் புதைத்த இடத்து மண் என்றார். அங்கே இப்போது தைலமரம் நட்டுவிட்டார்கள். புதைத்த இடம் எது என்று குத்துமதிப்பாகத்தான் தெரியுமாம்.

கடற்கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள். புடவைகளைக் குச்சியில் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். குழந்தைகள் அலையில் ஓடின. மூலைக்கு மூலை ஈர மணலில் ஏழு கன்னிமார். செல்லி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தன் அம்மா ஒருத்திதான் உலகத்தில் இப்படிச் செய்கிறாள் என்றே அதுவரை நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

நான் பழக்கதோஷத்தில் கையில் நோட்டோடு முதல் குடும்பத்தை நெருங்கி, "உங்க பேரு? எந்த ஊரு?" என்று கேட்டேன். ஆண்கள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இரண்டாவது குடும்பத்திலும் அதே கதை. போலீசா, ஃபாரஸ்டா என்று ஒருவர் கேட்டார்.

"அம்மா, நீங்க செத்த சும்மா உக்காருங்க," என்றார் செல்லி. முப்பது வருடத்துக்கு மேல் விசாரணை நடத்திய என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் ஓரம் கட்டியதில்லை.

அவர் அலையோரம் போய் உட்கார்ந்து ஏழு குவியல் பிடித்தார். வேப்பங்கொத்து செருகினார். பக்கத்து மறைப்பிலிருந்து ஒரு பெண் வந்து, "எந்த ஊரும்மா நீங்க? தனியா வந்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு ஊரு தெரியல தாயி. ஒரு வெரல் இல்லாத பூசாரியோட பேத்தி நானு. எங்கம்மா பேரு பச்சையம்மா. மரம் வெட்டக் கூட்டிட்டுப் போயிட்டாக."

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த மறைப்பில் போய்ச் சொன்னாள். அங்கிருந்து ஒருவர் அதற்கடுத்த கூட்டத்துக்குப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யாரும் வராமல் போய்விட்டால் செல்லியை எப்படி ஊருக்குக் கூட்டிப்போவது என்று எனக்குப் பயமாக இருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வேகமாக வந்தார். பெயர் குப்பு என்று பிறகு தெரிந்தது. செல்லியின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பச்சையம்மா பொண்ணா நீ?"

"ஆமா."

"நான் அவ தங்கச்சி. எங்க அவ?"

"அம்மா இல்ல. செத்துப்போச்சு."

குப்பு கையை எடுத்துவிட்டார். அவருக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "எங்க அப்பன் ஒவ்வொரு மாசியும் இங்கயே உக்காந்து வழியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. போன எடத்துல நல்லா இருக்கறா, அதான் நம்மள மறந்துட்டான்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு. அவ பேரையே எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. ஒரு தபா வந்துட்டுப் போயிருந்தா என்ன?"

செல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து மண்ணை அவர் கையில் வைத்தார்.

"மறக்கலன்னு சொல்லச் சொல்லுச்சு. வரத்தான் விடல."

குப்பு கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். அப்புறம் அவர் அழுத அழுகையைச் சுற்றியிருந்த கூட்டமே நின்று கேட்டது. அக்கா பிள்ளை, அத்தை பிள்ளை என்று யார் யாரோ வந்து செல்லியைக் கட்டிக்கொண்டார்கள். பூசாரி, பச்சையம்மா இருவர் பெயரையும் சொல்லி அந்த மண்ணைக் கடலில் கரைத்தார்கள்.

நான்கு நாள் அவர்கள் ஊரில், மதுராந்தகம் பக்கத்தில், தங்கினோம். இங்கேயே இருந்துவிடு என்றார்கள். பேரப்பிள்ளைகள் கறம்பக்குடியில் படிக்கிறார்கள் என்று சொல்லிச் செல்லி கிளம்பிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நெனச்சது நடந்துருச்சு, ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னையக் கட்டிக்கிட்டு அழுதாகம்மா. எனக்கு அழுகையே வரல. ஒரு மொகமும் தெரியல. அது பூராவும் எங்கம்மாவுக்குச் சேர வேண்டிய அழுக. நான் போயி வாங்கிட்டு வாரேன்."

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது, காத்திருந்த ஆட்கள் இருந்தார்கள் என்று நம்பி விசாரியுங்கள். விடுதலைச் சான்று கொடுத்ததோடு எழுந்து வந்துவிடாதீர்கள். நான் போனபோது பச்சையம்மா இல்லை. நீங்களாவது கொஞ்சம் சீக்கிரம் போங்கள்.